கல் சொன்னதும் கதை சொல்லாததும்

(ஏர்க்காட்டில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு புதினத்தைப் படித்தவர்க்கு ஏற்பட்ட ஏமாற்றம் மேடையேறிப் பேசத்தக்க பொருளா என்று சிலர் கருதக்கூடும். ஒரு பொத்தகம் சுவைக்கவில்லையெனின், அதை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வதுதானே என்பர். ஆனால், சுவையின்மையால் வரும் ஏமாற்றம் வேறு. சுவையின் மிகுதியால் வரும் ஏமாற்றம் வேறு. முன்னது படித்தவரோடு முடிந்துபோகும். பின்னதோ ஓர் இனத்தின் நினைவையே தொட்டு நிற்கும். இங்குப் பேசப்படுவது பின்னதைப் பற்றியே.

இச் சேர்வராயன் மலையில், குளம்பித் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதி வாழ்பவர் ஒருவர். மலையிலேயே பிறந்தவர், மலையாளிகள் எனப்பெறும் இம் மலைப் பழங்குடியைச் சார்ந்தவர். ‘கல்கி’ கிழமையிதழில் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்து, பின்னர் ஐந்து பகுதிகளாக நூலுருப்பெற்ற ‘பொன்னியின் செல்வ’னைத் தம் பதினாறாம் அகவையில் படித்தார். நூலகத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாக எடுத்துவந்து, இரவெல்லாம் கண்விழித்துப் படித்தார். அதன்பின் மேலும் மும்முறை படித்தார். வந்தியத்தேவன் அவர்க்கு உடன்பிறந்தவனைப் போலானான். சோழர் வரலாறு தமக்குத் தெரியும் என்றே பல்லாண்டுகள் எண்ணியிருந்தார். அவ்வெண்ணத்தைக் கலைத்தது ஒரு கல்.

அன்பர்களே! அக்கதை எங்கே தொடங்குகிறது என்பது உங்கட்குத் தெரியும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக் கரையில், வந்தியத்தேவன் குதிரைமேல் வருகின்றான். இன்று வீராணம் ஏரி என வழங்குவது அவ்வேரியே. அவ்வேரியை அடுத்த ஊர் காட்டுமன்னார்கோயில். அதன் பகுதியாகிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. அக்கோயிற் சுவரில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனாகிய ஆதித்த கரிகாலனைக் கொன்று இரண்டகம் செய்தவர் யாவர் என்பதை அக்கல் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோமன் என்பான், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன். இவர்களும் இவர்களைச் சார்ந்த உறவினரும் உடைமை இழக்குமாறு அரசன் விடுத்த ஆணையை அக்கல் நமக்குக் காட்டுகிறது. அவ்வாணை சென்றது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்து அவைக்கு.

இதில் கருதத்தக்கது என்ன? கதை எந்த ஏரிக்கரையில் தொடங்குகிறதோ, அந்த ஏரிக்கு அருகிலேயே கொலையாளரின் பெயர் கல்லில் எழுதப்பட்டு நிற்கிறது. ஆயினும், ஐந்து பகுதிகளையும் படித்து முடித்தவர்க்கு, ‘கரிகாலனைக் கொன்றவர் யார்?’ என்னும் வினாவே எஞ்சுகிறது. கடம்பூர் மாளிகையில் விளக்கணைந்த இருளில் கொலை நிகழ்கிறது. பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் அதைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். நந்தினி என்னும் கற்பனைப் பெண்ணின் வஞ்சினம் எல்லாவற்றுக்கும் மேலே புகைபோல் சூழ்ந்து நிற்கிறது. உண்மை யாதென்பது மங்கலாகவே விடப்படுகிறது.

இக்கல்வெட்டு அண்மையில் கண்டெடுக்கப்பட்டதன்று. நீலகண்ட சாத்திரியார் அதைப் பதிப்பித்து ஆராய்ந்தது, புதினம் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்னரே. தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றின் முதற் பகுதி அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக 1949-இல், அதாவது புதினம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், தமிழிலேயே வெளிவந்தது. அந்நூலின் பழைய படி ஒன்று நம் தோட்டக் கணக்கர் கைக்கு எட்டியது. அதில் கரிகாலன் கொலையைப் பற்றிய பகுதியைப் படித்த அன்றே அவர் ஏமாற்றம் தொடங்கிற்று.

அவர் ஏமாற்றத்தின் தன்மையைச் சரியாகப் புரிந்துகொள்ளல் வேண்டும். எழுத்தாளர் கற்பனை செய்தார் என்பதன்று அவர் குறை. புதினம் என்றால் கற்பனை உண்டு என்பதை அவர் அறிவார். கல்லில் உள்ள பெயர்களையே ஆசிரியர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவரை வருத்தியது. இரவிதாசன் புதினத்தில் உண்டு, சோமன் உண்டு, பரமேசுவரனும் உண்டு. பெயர்கள் வந்தன, அவர்கள் வகித்த பதவிகள் வரவில்லை. பிரமாதிராயன் என்பது அரசில் உயர்பணி புரிந்த பார்ப்பனர்க்கு வேந்தர் வழங்கிய பட்டம். கல்வெட்டு காட்டும் இருவர் அப்பட்டம் பெற்றவர்கள். ஒருவன் பட்டத்தில் பாண்டியரைக் குறிக்கும் பஞ்சவன் என்னும் பெயர் உண்டு. மற்றொருவன் பட்டத்தில் சோழன் பெயரே உண்டு. அரசின் உள்ளேயே இருந்தவர்கள். அரசன் கையால் மதிப்புப் பெற்றவர்கள். புதினத்திலோ அவர்கள் பள்ளிப்படைக் காட்டில் நள்ளிரவில் கூடுகிறார்கள், இரவிதாசன் ஆந்தை போல் அலறுகிறான், மந்திரக்காரனாகத் திரிகிறான். அரசவையில் இருந்தவனைக் கதை காட்டுக்குள் அனுப்பிவிட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மூவர் செய்த குற்றத்தைக் கொண்டு ஒரு குலத்தார் அனைவரையும் பழிக்க எழுவது அறிவுடையார் செயலன்று. அக்கல்வெட்டை அதற்குப் படைக்கலமாக்குவோரும், கதைக்காக அதை மறப்போரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இருவரும் கல்லைப் படிப்பதில்லை. கல் பெயரைச் சொல்கிறது; பதவியைச் சொல்கிறது; கொலைக்குரிய கரணியத்தைச் சொல்லவில்லை. உத்தம சோழனுக்கு அதில் பங்கு இருந்திருக்கலாம் என்று நீலகண்ட சாத்திரியார் கருதினார். பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர் வேறுபடும் அவ்விடமே கற்பனைக்குத் திறந்துகிடக்கும் வெளி. அங்கே எழுத்தாளர் விருப்பம்போல் உலவலாம். சோழன் பட்டத்தைத் தாங்கிய ஒருவன் சோழ இளவரசனை ஏன் கொன்றான்? எத்தனை இரவுகள் அவன் உறங்காதிருந்தான்? மறுநாட் காலை எந்த முகத்தோடு அரசவைக்குச் சென்றான்? இதைவிடப் பெரிய கதை வேறென்ன வேண்டும்? அக்கதை கல்லிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு ஆந்தைக் குரலைத் தேடிச் சென்றது ஏன் என்பதே நம் படிப்பாளரின் வினா.

‘புதினம் வரலாறு அன்று, வரலாறு வேண்டுவோர் வரலாற்று நூலைப் படிக்கட்டும்’ என்பார் உளர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. கல்கியாரின் எழுத்தாற்றலை யாரும் மறுக்கவியலாது. வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையாரின் கணவர் என்று தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் ஒரு வரியளவில் வருகின்ற மாந்தனை, தமிழகத்தின் வீடுதோறும் பழகிய நண்பனாக்கியவர் அவர். சோழர் பெயரையே கேட்டறியாதவர்களைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் செல்ல வைத்தவர் அவர். இவை பெரும்பணிகள்.

ஆனால் மற்றப் பாதி? வரலாற்று நூலைப் படிப்பவர் நூற்றில் எத்தனை பேர்? புதினம் பல பதிப்புகள் கண்டது. நாட்டுடைமையானபின் பல பதிப்பகத்தார் மலிவு விலையில் அச்சிட்டனர். 2022-இலும் 2023-இலும் இரு திரைப்படங்களாக வந்து உலகத் தமிழர் அனைவரையும் எட்டியது. பண்டாரத்தார் நூலோ நூலகத்துத் தட்டுகளில் தூசு படிந்து கிடக்கிறது. வரலாறு அமரவேண்டிய இருக்கையில் கதை அமர்ந்துவிட்டது. அவ்விருக்கையில் அமர்ந்தபின், ‘அது வெறுங்கதைதானே’ என்று சொல்லித் தப்பிக்கவியலாது. ‘கரிகாலனைக் கொன்றது யார்?’ என்று நம் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். ‘நந்தினி’ என்பார் உளர். ‘பழுவேட்டரையர்’ என்பார் உளர். ‘தெரியாது’ என்பார் உளர். கல்லில் உள்ள பெயரைச் சொல்வார் மிகச் சிலரே. தன் வரலாற்றை இவ்வாறு அறிந்திருக்கும் இனத்தை எவனும் எளிதில் ஏமாற்றலாம்.

இனி, நம் படிப்பாளரின் இரண்டாவது ஏமாற்றத்துக்கு வருவோம். அது மலைமகன் என்னும் முறையில் அவர்க்கு ஏற்பட்டது. அரசவையின் குற்றம் காட்டின் குற்றமாக ஆக்கப்பட்டதைக் கண்டபின், பிற வரலாற்றுப் புதினங்களையும் அவர் அந்தக் கண்ணோடு திருப்பிப் பார்த்தார். அரண்மனை என்றால் ஒளி. காடு என்றால் இருள். மாடத்தில் காதல், மலைக்குகையில் சூழ்ச்சி. நகரத்தான் மறவன், காட்டான் கொடியவன், அன்றேல் கோமாளி. கிழமைதோறும் வந்த தொடர்கதைகளில் மீண்டும் மீண்டும் இவ்வார்ப்பே வரக் கண்டார். தம் முன்னோர் வாழ்ந்த இடம், தமிழ்க் கதையில் ஒளிந்துகொள்ளும் இடமாக மட்டும் இருந்தது அவர் உள்ளத்தைச் சுட்டது.

நம் பழைய இலக்கியம் மலையை இவ்வாறா கண்டது? கழக இலக்கியத்தில் முதல் திணை குறிஞ்சி. சிறுபாணாற்றுப்படை கூறும் வள்ளல்கள் எழுவரையும் எண்ணிப் பாருங்கள். பாரிக்குப் பறம்பு, பேகனுக்குப் பொதினி, ஆய்க்குப் பொதியில், காரிக்கு முள்ளூர், ஓரிக்குக் கொல்லி, அதியமானுக்குக் குதிரைமலை, நள்ளியும் மலைநாட்டுத் தலைவனே. கொடையின் இலக்கணமாக நம் முன்னோர் எடுத்துக்காட்டிய எழுவரும் மலையோடு சேர்த்தே பேசப்பட்டனர். இவருள் இருவர் இம் மலைக்கு அண்டை அயலார். தெற்கே கொல்லி, வடக்கே அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி. இடையே நிற்பது சேர்வராயன் மலை.

அதியமான் நெடுமான் அஞ்சியின் கதையைவிட உயர்ந்த கதை வேண்டுமா? ஔவையார் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். அப்போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்னும் நூல் அழிந்து, சில பாடல்களே எஞ்சின. அசோகன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துக் கூறப்படும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். 1981-இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் தமிழ்பிராமிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. நெடுமான் அஞ்சியையே சதியபுதோ என்று அது குறித்தது. நெடுநாள் வழக்கு ஒரே வரியில் தீர்ந்தது. வடபுல வேந்தன் மூவேந்தர் வரிசையில் வைத்துப் பேசிய குடி இம் மலைச்சாரலுக்கு உரியது. வரலாற்றுப் புதினம் எழுத விரும்புவார்க்கு இங்கு இல்லாத பொருளா? அன்பும் போரும் தூதும் வீழ்ச்சியும் இங்கே நிறைந்து கிடக்கின்றன.

இம் மலையின் கதையையோ பிறர்தாம் சொன்னார்கள். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏர்க்காடு என்பர். சேர்வராயனை ஆங்கிலேயர் செவராய் என்று திரித்தனர். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பருன் குளம்பிச் செடியை இங்குக் கொணர்ந்தார். காடு தோட்டமாயிற்று, காட்டுக்கு உரியவன் கூலியாளானான். மலைமக்களைப் பற்றிய செய்திகளை 1883-இல் லெபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டிலும், 1918-இல் இரிச்சர்ட்சு எழுதிய மாவட்ட விவரச்சுவடியிலும் தேட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளவை, ஆளவந்தார் எழுதியவை.

இன்று இங்கு வரும் சுற்றுலாவினர்க்குக் காட்டப்படுவன யாவை? லேடீசு சீட்டு, சென்ட்சு சீட்டு, சில்ட்ரன்சு சீட்டு! சீமாட்டி ஒருத்தி அமர்ந்து மாலைக்கதிர் கண்டாள் என்னும் கதை சொல்லப்படுகிறது. அதுவும் ஒரு வரலாற்றுக் காதற் புதினமே, அச்சேறவில்லை, அவ்வளவுதான். சோழர் கதையில் அரண்மனை மட்டும் ஒளிர்வது போல, ஏர்க்காட்டுக் கதையில் வெள்ளையர் மாளிகை மட்டும் ஒளிர்கிறது. இரண்டிலும் உழைத்தவன் இல்லை, மண்ணுக்குரியவன் இல்லை.

உண்மையோ இதைவிடச் சுவையானது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தை மொழிபெயர்த்தவரும், தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவருமான பீட்டர் பெர்சிவல் 1882-இல் உயிர்நீத்தது இவ்வேர்க்காட்டில்தான். 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்ட புரூசு பூட் முதுமையில் வாழ்ந்ததும் இங்குதான். இம் மலையில் தேய்த்து மெருகிட்ட கற்கோடரிகளை அவர் திரட்டினார். முன்னோர் கைப்பட்ட அக்கற்களை மலைமக்கள் தம் சிறுகோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். ஆய்வாளர் கண்ணில் படும் முன்னரே அவற்றைக் காத்தது இம் மக்களின் வழிபாடு.

அன்பர்களே! மலையுச்சிக்குச் செல்லுங்கள். 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் குகைக்கோயில் உள்ளது. உள்ளே இரு தெய்வங்கள். ஒன்று சேர்வராயன், மற்றொன்று காவேரியம்மன். அக்குகை காவிரி வரை செல்கிறது என்று மலைமக்கள் நம்புகின்றனர். ஆண்டுதோறும் மே திங்கள் விழாவில் மலையூர்கள் எல்லாம் அங்கே திரள்கின்றன. காவிரிக்கு மற்றொரு பெயர் பொன்னி. ஆற்றங்கரையில் அல்ல, மலையின் நெற்றியில் பொன்னிக்குக் கோயில் எடுத்த மக்கள் இவர்கள். பொன்னியின் பெயரால் எழுந்த ஐந்து பகுதிக் கதையில் தம் மலைக்கு இடமில்லாமற் போனதை நம் படிப்பாளர் பொறாமையாற் சொல்லவில்லை. உரிமையாற் சொல்கிறார்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வஞ்சினம் என்னும் சொல் புறத்திணையிலேயே நிலைபெற்றிருக்க, கல்கியாரின் மற்றொரு புதினத்தின் பெயர் ‘சிவகாமியின் சபதம்’ என்றானது. வேந்தன், கோ, மன்னன் என்று சொற்கள் குவிந்து கிடக்கச் சக்கரவர்த்திகளே கதைகளில் உலவினர். சோழர் கல்வெட்டுகளிலும் வடசொற் கலப்பு உண்டே என்பர். உண்டு, மறுப்பதற்கில்லை. அக்கலப்பு எப்படி வந்தது, எவ்வெவ்வூர்கள் எவர்க்குக் கொடையாயின என்பனவும் வரலாறே. அவற்றைச் சொல்லாமல் பொற்காலம் என்று மட்டும் சொல்வது வரலாறும் ஆகாது. நேர்மையான கதையும் ஆகாது.

அப்படியாயின் செய்யவேண்டியது என்ன? புதினங்களைக் கொளுத்த வேண்டுமா? வேண்டா. படியுங்கள், சுவையுங்கள். ஆனால் அவற்றின் அருகே பண்டாரத்தார் நூலையும் வையுங்கள். வரலாற்றுப் புதினம் எழுதுவோர், நூலின் இறுதியில் எது கல், எது கற்பனை என்று நான்கு பக்கம் பிரித்துக் காட்டட்டும். பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் காட்டுமன்னார்கோயிலுக்கு அழைத்துச் சென்று அக்கோயிற் சுவரைக் காட்டட்டும்.

இம் மலை இளைஞர்க்கு மேலும் ஒரு கடன் உண்டு. காஞ்சியிலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்து, ஒருவர் சேர்வராயனிலும், ஒருவர் கொல்லியிலும், ஒருவர் பச்சைமலையிலும் குடியேறினர் என்னும் கதை உங்கள் பாட்டன்மார் நாவில் வாழ்கிறது. ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும், ஒவ்வொரு சுனைக்கும், ஒவ்வொரு பாறைக்கும் கதை உண்டு. சொல்பவர் மறைந்தால் கதையும் மறையும். நம் தோட்டக் கணக்கர் இப்பொழுது செய்துவருவது இதுவே. ஞாயிறுதோறும் ஒரு சிற்றூருக்குச் செல்கிறார். முதியோரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்கிறார். முதியவர் சொன்னதை ஒரு பக்கத்திலும், தாம் கருதுவதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுகிறார், இரண்டையும் கலப்பதில்லை. தோட்டக் கணக்கில் வரவையும் செலவையும் பிரித்தெழுதிப் பழகிய கை அது.

ஓர் ஏமாற்றம் இத்தகைய பணியாக முடியுமானால், அவ்வேமாற்றத்தைத் தந்த புதினத்துக்கும் நாம் நன்றி சொல்லலாம். மயங்கிக் கிடப்பவனுக்கு வரலாறு இல்லை. வினவி எழுபவனுக்கே உண்டு. கல்லைப் படியுங்கள்! ஊரைக் கேளுங்கள்! கண்டதை நல்ல தமிழில் எழுதுங்கள்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!